மூணு மீட்டர் பல்லியும் மூணு மில்லிமீட்டர் வண்டும்

எங்க அபார்ட்மெண்ட்ல கீழ் வீட்டு பையன், ஆறாங்கிளாஸ், கொமோடோ டிராகன் வீடியோ ஏதோ பாத்துட்டு வந்து கேட்டான், "ஆன்ட்டி, அரிசில வர்ற வண்ட டிராகன் சைஸுக்கு பெருசாக்கி விட்டா ரெண்டுத்துல எது ஜெயிக்கும்?" பெங்களூர்ல ஜூன் மழ ஆரம்பிச்சாலே எங்க பில்டிங்ல சோனா மசூரி மூட்ட வச்சிருக்கிற எல்லார் வீட்லயும் இந்த வண்டு வந்துடும், மொட்ட மாடில பாட்டிங்க அரிசிய உலர்த்திட்டு இருப்பாங்க, அதனால அவனுக்கு வண்டு நல்ல பழக்கம், டிராகன் ஃபோன்ல பழக்கம். சின்னப்புள்ளத்தனமான கேள்வி மாதிரி தெரியும், ஆனா இதுக்கு ஒழுங்கா பதில் சொல்லணும்னா ஒரு உடம்போட சைஸ் மாறினா கூடவே என்னென்ன மாறும்ங்கிற மொத்த விஷயத்தையும் சொல்லியாகணும். அதத்தான் இங்க கணக்கு வாத்தியார் பயம் இல்லாம சொல்லப் பாக்குறேன்.

மொதல்ல ரெண்டு பேரும் யாருனு பாத்துடலாம்.

கொமோடோ டிராகன் நம்ம ஊர் உடும்போட பெரிய அண்ணன், நெஜமாவே அதே வாரனஸ் பேரினம்தான். பெங்களூர் அவுட்டர்ல துரஹள்ளி பக்கமோ பன்னேர்கட்டா பக்கமோ உடும்பு பாத்தவங்களுக்கு அந்த நடை, அந்த பிளந்த நாக்கு, அந்த கழுத்து எல்லாம் பரிச்சயமா இருக்கும், அதையே ரெண்டு மடங்கு நீட்டி உடம்ப நல்லா தடிப்பாக்கினா டிராகன். (சைடுல ஒண்ணு, உடும்பு 1972 வனவிலங்கு பாதுகாப்பு சட்டத்துல முதல் அட்டவணைல இருக்கு, புலிக்கு என்ன பாதுகாப்போ அதே பாதுகாப்பு, உடும்புக்கறி உடும்பு எண்ணெய்னு யாராவது வந்தா அது ஜெயில் சமாச்சாரம்.) டிராகன் இருக்கிறது இந்தோனேசியால கொமோடோ, ரின்சா, ஃபுளோரெஸ்னு விரல் விட்டு எண்ணுற அளவு தீவுகள்ல மட்டும். வளர்ந்த ஆண் ரெண்டரை மீட்டர், 70 கிலோ வாக்குல இருக்கும், இதுவரைக்கும் அளந்ததுலயே பெருசு 3.13 மீட்டர், 166 கிலோ, அந்த 166ல வயித்துல செரிக்காம கெடந்த சாப்பாடும் சேத்தி.

அரிசி வண்டு கூன்வண்டு குடும்பம். தென்னை மரத்த உள்ளுக்குள்ளயே குடைஞ்சு சாய்க்குதே சிவப்பு கூன்வண்டு, அதுக்கு இது நெருங்கின சொந்தம். நீளம் 2லேருந்து 3 மில்லிமீட்டர், எடை சுமாரா 2 மில்லிகிராம். ஒரு வண்ட எடுத்து எவர்சில்வர் தட்டுல போட்டு டியூப்லைட்டுக்கு கீழ வச்சு பாருங்க, முதல்ல காலெல்லாம் மடக்கிட்டு செத்த மாதிரி கெடக்கும், அது சும்மா நடிப்பு, தொடாம கொஞ்ச நேரம் விட்டா மெதுவா ஒரு கால நீட்டி பாத்துட்டு அப்புறம் எழுந்து ஓடும். அப்ப அதோட மூஞ்சிய பாருங்க, முன்னாடி நீளமா வளைஞ்ச மூக்கு, மூக்கோட நுனிலதான் வாய், மூக்கு ஆரம்பிக்கிற இடத்துக்கிட்ட ரெண்டு உணர்கொம்பு முழங்கை மடக்கின மாதிரி மடங்கி இருக்கும். முதுகுல மங்கலா நாலு செம்மஞ்சள் புள்ளி. இந்த நாலு புள்ளியும் மூக்கும் இருந்தா அரிசி வண்டு. மாவு டப்பால வர்ற மூக்கில்லாத செவப்பு வண்டு வேற ஜாதி, அத இதோட குழப்பிக்காதீங்க.

எனக்கு ரொம்ப பிடிச்ச தகவல் ஒண்ணு இருக்கு. இந்த மூணு மில்லிமீட்டர் வண்டுக்கு 1763லயே லின்னேயஸ் அறிவியல் பேர் வச்சிட்டாரு. மூணு மீட்டர் டிராகனுக்கு பேர் வச்சது 1912ல, பீட்டர் ஓவன்ஸ்ங்கிற டச்சுக்காரர். இடைல 149 வருஷம். ஏன்னா வண்டு எல்லார் தானியக் கிடங்குலயும் கப்பல்லயும் ஏறி உலகம் பூரா போய் நின்னுடுச்சு, டிராகன் அதோட தீவ விட்டு எங்கயும் வரல.

சரி இப்ப பையன் கேட்டதுக்கு வருவோம். வண்டு 2.5 மில்லிமீட்டர், டிராகன் 2.5 மீட்டர்னு வச்சுக்கிட்டா நீளத்துல ஆயிரம் மடங்கு வித்தியாசம். அப்ப வண்ட எல்லா பக்கமும் ஆயிரம் மடங்கு பெருசாக்கணும். நீளம் ஆயிரம் மடங்கு, அகலம் ஆயிரம் மடங்கு, உயரம் ஆயிரம் மடங்கு. எடைங்கிறது இந்த மூணையும் பெருக்கினா வர்றது, ஆயிரம் தடவ ஆயிரம் தடவ ஆயிரம், அதாவது 100 கோடி மடங்கு. 2 மில்லிகிராம 100 கோடியால பெருக்கினா 2000 கிலோ. ரெண்டு டன்! அதே ரெண்டரை மீட்டர் நீளமுள்ள டிராகன் 70 கிலோதான். இது ஏன்னா டிராகன் நீளத்துல பாதி வெறும் வாலு, உடம்பும் ஒல்லி, வண்டோ கிட்டத்தட்ட உருண்ட, அதனால ஒரே நீளத்துக்கு வண்டுல சரக்கு அதிகம்.

இதுல என்ன பிரச்சனைனா, அந்த ரெண்டு டன்ன தாங்கப்போற காலோட வலு எத பொறுத்ததுனா அதோட குறுக்கு வெட்டு பரப்ப பொறுத்தது. கயிறு எவ்ளோ நீளம்ங்கிறது முக்கியமில்ல எவ்ளோ தடிமன்ங்கிறதுதான் அது எவ்ளோ பாரம் தாங்கும்னு சொல்லும் இல்லயா, காலும் அப்படித்தான், தசையும் அப்படித்தான். பரப்புங்கிறது நீளம் தடவ அகலம், ரெண்டே ரெண்டு ஆயிரம், அதாவது 10 லட்சம் மடங்கு. எடை 100 கோடி மடங்கு ஏறிடுச்சு, கால் வலு 10 லட்சம் மடங்குதான் ஏறிருக்கு, அப்ப காலோட ஒவ்வொரு துளி பரப்பும் முன்னாடி தாங்கினத விட ஆயிரம் மடங்கு பாரம் தாங்கணும். தாங்காது. வண்டு எழுந்து நிக்கறதுக்குள்ளயே ஆறு காலும் படபடனு ஒடிஞ்சு வயிறு தரைல உக்காந்துடும், டிராகன் வந்து ஒண்ணும் பண்ண வேண்டிய அவசியமே இல்ல.

இத முதல்ல தெளிவா எழுதி வச்சவர் கலிலியோ, 1638ல. பெரிய மிருகத்தோட எலும்பு சின்ன மிருகத்தோட எலும்ப அப்படியே பெருசாக்கினதா இருக்க முடியாது, நீளத்துக்கு பொருத்தமில்லாத அளவுக்கு தடிப்பா இருந்தாகணும்னு படம் போட்டே காட்டினாரு. யானை கால் ஏன் தூண் மாதிரி இருக்கு மான் கால் ஏன் குச்சி மாதிரி இருக்குங்கிறதுக்கும் இதே பதில்தான்.

இங்க இருந்து தலைகீழா போனா இன்னொண்ணு புரியும். "எறும்பு தன் எடைய விட பல மடங்கு தூக்கும், மனுஷன் அந்த ரேஞ்சுக்கு இருந்தா லாரியத் தூக்கலாம்"னு வாட்ஸ்அப்ல சுத்துதே, அது டுபாக்கூர் கணக்கு. பூச்சியோட தசை நம்ம தசைய விட பிரமாதமான சரக்கு ஒண்ணும் கெடையாது, ஒரே தடிமனுக்கு ரெண்டும் கிட்டத்தட்ட ஒரே அளவு இழுக்கும். சின்னதா இருக்கிறதால எடை மூணு தடவ குறைஞ்சிருக்கு வலு ரெண்டு தடவதான் குறைஞ்சிருக்கு, அந்த மிச்சம்தான் நமக்கு அசுர பலமா தெரியுது. அந்த எறும்ப மனுஷ சைஸுக்கு கொண்டு வந்தா லாரிய விடுங்க, தன் தலையத் தூக்கவே திணறும்.

விழுறதும் இதேதான். மூணாவது மாடி பால்கனில இருந்து வண்டு விழுந்தா ஒண்ணும் ஆகாது. காத்து தடுக்கிறது பரப்ப பொறுத்தது, பூமி இழுக்கிறது எடைய பொறுத்தது, வண்டுக்கு எடைய விட பரப்பு ரொம்ப அதிகம், அதனால காத்தே அத மெதுவா எறக்கி விட்டுடும். ஜே.பி.எஸ். ஹால்டேன்னு ஒரு விஞ்ஞானி, இங்கிலாந்துல இருந்து 1957ல இந்தியாவுக்கு குடிவந்து கடைசில புவனேஸ்வர்ல 1964ல காலமானவர், அவர்தான் 1926லயே இந்த சைஸ் விஷயத்த சாதாரண ஜனங்களுக்கு புரியுற மாதிரி எழுதினவர். ஆழமான சுரங்கத்துல சுண்டெலி விழுந்தா ஒதறிட்டு எழுந்து போய்டும், மனுஷன் விழுந்தா எலும்பு நொறுங்கும், குதிரை விழுந்தா சிதறிடும்னு அவர் சொன்னது இன்னைக்கும் எல்லா வகுப்புலயும் சொல்லப்படுது. ஆனா ஹால்டேன் சேர்த்து இன்னொண்ணும் சொன்னாரு, சின்னதுக்கு பூமி எதிரி இல்ல, தண்ணிதான் எதிரி. வண்டு மேல ஒரு பெரிய சொட்டு விழுந்து ஒட்டிக்கிச்சுனா அது வண்ட விட கனமா இருக்கும், உதறவே முடியாது. டிராகனுக்கு தண்ணி ஒரு பொருட்டே இல்ல, தீவுக்கு தீவு நீந்தியே போகும்.

இப்ப பரப்பு பத்தி இன்னும் கொஞ்சம், ஏன்னா மத்த எல்லாமே இதுல இருந்துதான் வருது. ரெண்டு இன்ச் சதுரக் கட்டியா மைசூர் பாக் ஒண்ணு இருக்குனு வச்சுக்கோங்க. அதுக்கு ஆறு பக்கம், ஒவ்வொண்ணும் நாலு சதுர இன்ச், மொத்தம் 24. அத குறுக்க நெடுக்க வெட்டி ஒரு இன்ச் கட்டியா எட்டு துண்டு போட்டா ஒவ்வொரு துண்டுக்கும் ஆறு சதுர இன்ச், எட்டுக்கும் சேத்து 48. ஸ்வீட் அதே ஸ்வீட்தான், ஒரு பொடி கூட ஏறல, ஆனா காத்து படுற பரப்பு டபுள். அதான் வெட்டி வச்ச துண்டு சீக்கிரம் காயும். இன்னும் பொடிசா வெட்ட வெட்ட பரப்பு ஏறிக்கிட்டே போகும். வண்டுங்கிறது ரொம்ப ரொம்ப பொடிசா வெட்டின துண்டு, டிராகன் முழுக் கட்டி.

அதனால வண்டோட வாழ்க்கைல பெரிய கவலை காஞ்சு போறதுதான். உள்ள இருக்கிறது துளியூண்டு தண்ணி, அதச் சுத்தி அத்தன பரப்பு, எப்ப வேணா ஆவியாயிடும். அதுக்காக உடம்பு மேல மெல்லிசா ஒரு மெழுகு பூச்சு வச்சிருக்கு. நம்ம பாட்டிங்க இந்த மெழுக பத்தி படிச்சதில்ல, ஆனா பயறுல சாம்பல் கலந்து வச்சாங்க, துவரைக்கு செம்மண் கட்டி காய வச்சாங்க, அந்தப் பொடி பூச்சியோட மெழுக உரசி உறிஞ்சி எடுத்துடும், பூச்சி காஞ்சு செத்துடும். இன்னைக்கு தானியக் கிடங்குகள்ல டயட்டம் மண்ணுனு ஒரு வெள்ளப் பொடி போடுறாங்க, விஷமே கெடையாது, அதே வேலைதான். அரிசிய வெயில்ல காய வைக்கிறதும் பாதி இதுக்குத்தான், வெயில் பட்டா வண்டு எறங்கி ஓடும், கூடவே அரிசில இருக்கிற ஈரமும் எறங்கும், தானியத்துல ஈரம் 10 சதவீதத்துக்கு கீழ போயிட்டா இந்த வண்டால பெருக முடியாது. மழக்காலத்துல மூட்ட ஈரம் இழுக்கும், அதான் ஜூன்ல ஆரம்பிக்குது. வெயில் இல்லாத நாள்ல என்ன பண்றதுனு கேட்டா சின்ன அளவா பிரிச்சு ஃப்ரீசர்ல நாலு நாள் வைங்க, முட்டையோட சேத்து எல்லாம் காலி.

டிராகனுக்கு இந்தக் கவலை ரொம்ப கம்மி, அதோட பிரச்சனை சூடு. ரெண்டுமே குளிர் ரத்தப் பிராணிதான், உடம்ப சூடாக்க வெளிய இருந்துதான் சூடு வாங்கணும், ஆனா வாங்குற ஸ்பீடு வேற. வண்டு வெயிலுக்கு வந்த கொஞ்ச நேரத்துல சூடாயிடும், நிழலுக்கு போனா உடனே ஆறிடும். டிராகன் காலைல எழுந்து வெயில்ல ரொம்ப நேரம் படுத்து கெடக்கணும், 70 கிலோ சூடாக நேரம் எடுக்கும், ஆனா சூடாயிட்டா சீக்கிரம் ஆறாது, ராத்திரி வரைக்கும் கொஞ்சம் தாங்கும்.

அடுத்தது மூச்சு, இதுலதான் ரெண்டு உடம்பும் முழுக்க வேற வேற டிசைன்.

வண்டுக்கு நுரையீரல் கெடையாது, ரத்தத்துல ஆக்ஸிஜனும் ஓடாது. உடம்போட ரெண்டு பக்கமும் வரிசையா குட்டி குட்டி ஓட்டை, ஓட்டைல இருந்து குழாய், குழாய் கிளை பிரிஞ்சு பிரிஞ்சு ஒவ்வொரு செல்லு வரைக்கும் காத்த நேரடியா கொண்டு போகும். தூரம் கம்மியா இருக்கிற வரைக்கும் இது அபாரமான சிஸ்டம். உடம்பு பெருசானா தூரம் கூடும், காத்து தானா பரவி போய் சேர நேரம் ஆகும், அத ஈடுகட்ட குழாய்கள இன்னும் தடிப்பா இன்னும் நெறைய போடணும். 2007ல அமெரிக்கால ஆர்கோன் ஆய்வுக்கூடத்துல சின்னதும் பெருசுமா நாலு வகை வண்டுகள எக்ஸ்ரேல பாத்தாங்க, வண்டு பெருசாக பெருசாக உடம்புல குழாய் அடைக்கிற இடம் விகிதத்த மீறி கூடுது, முக்கியமா கால் உடம்போட சேர்ற இடத்துல இருக்கிற ஓட்டைல நெருக்கடி, ஒரு கட்டத்துக்கு மேல அந்த ஓட்டைல குழாய்க்கே இடம் பத்தாது. அந்த கணக்குப்படி வண்டு அதிகபட்சம் 16 சென்டிமீட்டர் சுமாருக்குத்தான் வளர முடியும்னு வந்துச்சு, அமேசான் காட்டுல இருக்கிற உலகத்துலயே பெரிய வண்டான டைட்டானும் கிட்டத்தட்ட அந்த நீளம்தான். ஆக ரெண்டரை மீட்டர் அரிசி வண்டு கால் ஒடிஞ்சு விழுந்தாலும் பரவாயில்லனு விட்டா மூச்சு முட்டியே போய்டும். 30 கோடி வருஷம் முன்னாடி காத்துல ஆக்ஸிஜன் இப்ப இருக்கிறத விட ரொம்ப அதிகமா இருந்தப்ப முக்கால் மீட்டருக்கு கொஞ்சம் கம்மியா ரெக்க விரிச்ச தும்பி மாதிரி பூச்சிங்க இருந்தது, அதுக்கு ஆக்ஸிஜனும் ஒரு காரணம்னு பல பேர் சொல்றாங்க.

டிராகன் பக்கம் வந்தா நுரையீரல் இருக்கு, இதயம் இருக்கு, ரத்தம் ஆக்ஸிஜன சுமந்துட்டு போகும். ஆனா பல்லிக்குனு ஒரு பழைய சாபம் இருக்கு, ஓடும்போது உடம்ப இடது வலதுனு வளைக்கிறதும் மூச்சு இழுக்கிறதும் ஒரே தசைங்கதான், அதனால சாதாரண பல்லி ஓடிட்டே ஒழுங்கா மூச்சு விட முடியாது, கொஞ்சம் ஓடும் நிக்கும் கொஞ்சம் ஓடும் நிக்கும், சுவத்துல பாத்திருப்பீங்க. உடும்பு வகையறா இதுக்கு குறுக்கு வழி கண்டுபிடிச்சிருக்கு, தொண்டைய ஊதி ஊதி காத்த பம்பு அடிச்சு நுரையீரலுக்குள்ள தள்ளும். டிராகன் நடக்கும்போது கழுத்துக்கு கீழ தொளதொளனு தோல் வீங்கி வீங்கி அடங்குறது அதுதான். குட்டையா ஒரு ஓட்டம்னா மணிக்கு 20 கிலோமீட்டர் வரைக்கும் போகும்.

கவசம் ரெண்டுத்துக்கும் இருக்கு. வண்டுக்கு எலும்பு வெளிய, டிராகனுக்கு உள்ள. ஆனா டிராகனுக்கு தோலுக்கு அடில கூட ஆயிரக்கணக்கான எலும்புத் துணுக்கு பின்னி பின்னி கெடக்கு, 2019ல ஸ்கேன் பண்ணி பாத்தப்ப வளர்ந்த டிராகனுக்கு தலை பூரா கவசமா இருந்துச்சு, குட்டிக்கு ஒண்ணுமே இல்ல. குட்டி மரத்து மேல இருக்கும் சண்டைக்கு போகாது, பெருசானாதான் மத்த டிராகனோட சண்ட, அதனால அப்பதான் கவசம் தேவைனு அர்த்தம் பண்றாங்க.

வண்டோட கவசக் கதை இதுக்கும் மேல. அரிசில மாவுச்சத்து எக்கச்சக்கம், ஆனா மேல் ஓட்ட கெட்டியாக்கவும் கறுப்பாக்கவும் வேணுங்கிற அமினோ அமிலம் பத்தாது. அதுக்கு வண்டு உடம்புக்குள்ளயே ஒரு பாக்டீரியாவ குடி வச்சிருக்கு, சொடாலிஸ்னு பேரு, அம்மா வண்டு முட்டை வழியாவே புள்ளைக்கு குடுத்து விடும். அந்த பாக்டீரியா தேவையான அமினோ அமிலத்த செஞ்சு குடுக்கும், ஓடு கெட்டியாகிற வரைக்கும் பாக்டீரியா எண்ணிக்கை ஏறிக்கிட்டே போகும், ஓடு வேலை முடிஞ்சதும் வண்டு தன் குடல்ல இருக்கிற பாக்டீரியாவ எல்லாம் தானே கரைச்சு சாப்பிட்டுடும். காரியம் முடிஞ்சதும் கணக்கு தீத்துடுச்சு, அவ்ளோதான். முட்டைப்பைக்கு பக்கத்துல மட்டும் அடுத்த தலைமுறைக்குனு கொஞ்சம் மிச்சம் வச்சுக்கும்.

வாயும் சாப்பாடும். டிராகன் பல்லு வளைஞ்சு, ஓரம் ரம்பம் மாதிரி இருக்கும், அந்த ஓரத்துல ஆரஞ்சு கலர்ல ஒரு கோடு தெரியும், அது கறை இல்ல, இரும்பு. 2024ல தான் வெளிய வந்துச்சு, பல்லோட நுனியும் ரம்ப ஓரமும் தேயாம இருக்க இரும்பு கலந்த பூச்சு போட்டிருக்கு. கடி வலுனு பாத்தா முதலைக்கு முன்னாடி டிராகன் ஒண்ணுமே இல்ல, அது கடிச்சு பின்னால இழுத்து கிழிக்கிற ஆளு. கூடவே கீழ்த்தாடைல விஷச் சுரப்பி இருக்கு, ரத்தம் உறையாம பண்ணும், ரத்த அழுத்தத்த எறக்கும், கடி வாங்கின மான் ரத்தம் போய் போய் தளர்ந்துடும். வாய்ல அழுக்கு பாக்டீரியா இருக்கு அதான் கொல்லுதுனு பழைய டாக்குமெண்டரில எல்லாம் வரும், 2009ல பிரையன் ஃபிரை குழு விஷச் சுரப்பிய காட்டினதுக்கு அப்புறமும் அது இன்னும் ஃபார்வர்டு ஆகிட்டே இருக்கு, நம்பாதீங்க. நாக்க நீட்டி நீட்டி காத்த ருசி பாத்து நாலு கிலோமீட்டர் தூரத்துல செத்து கெடக்கிறத கூட மோப்பம் பிடிக்கும். கெடைச்சா தன் எடைல 80 சதவீதம் வரைக்கும் ஒரே வேளைல உள்ள தள்ளிடும், அப்புறம் வாரக்கணக்குல சும்மா கெடக்கும்.

வண்டு இதுக்கு நேரெதிர். பொம்பள வண்டு ஒரு அரிசில மூக்கால குழி தோண்டி, திரும்பி நின்னு ஒரே ஒரு முட்டை வச்சு, பசை மாதிரி ஒண்ண வச்சு குழிய மூடிடும், வெளிய இருந்து பாத்தா நல்ல அரிசிதான். உள்ள பொரிச்ச புழுவுக்கு கால் கெடையாது, தேவையும் இல்ல, சுத்தி எல்லா பக்கமும் சாப்பாடு. அந்த ஒரே அரிசிக்குள்ளயே தின்னு வளர்ந்து கூட்டுப்புழுவாகி வண்டாகி ஓட்டை போட்டு வெளிய வரும், சூடும் ஈரமும் சரியா இருந்தா மொத்தம் ஒரு மாசம் சொச்சம். அரிசி களையும்போது மேல மிதக்குற, நடுவுல ஓரம் பிசிறா ஒரு வட்ட ஓட்டையோட இருக்கிற அரிசி இருக்கே, அதுதான் ஒரு வண்டோட முழு சின்ன வயசும்.

ஒரு விஷயத்துல மட்டும் ரெண்டு குடும்பமும் ஒண்ணு, சொந்தத்தையே தின்னுடும். ஒரே அரிசிக்குள்ள ரெண்டு புழு மாட்டினா பெரும்பாலும் ஒண்ணுதான் வெளிய வரும். டிராகன் குட்டி பொரிச்ச கையோட மரம் ஏறிடும், ஏன்னா கீழ இருந்தா பெரிய டிராகன் புடிச்சு தின்னுடும், சில வருஷம் மரத்துமேலதான் குடித்தனம்.

அந்த மரத்து மேல அது என்ன சாப்பிடும்னு நெனைக்கிறீங்க? பூச்சி, குட்டிப் பல்லி, வண்டு. அப்ப பையனோட சண்டைக்கு நெஜமான பதில் இதுதான், சண்ட ஏற்கனவே தினமும் நடந்துட்டுதான் இருக்கு, 100 கிராம் இருக்கிற டிராகன் குட்டி ஏதோ ஒரு காட்டு வண்ட புடிச்சு தின்னுட்டு போகுது. நம்ம ஊர் உடும்புக்கும் வண்டு ரொம்ப பிடிச்ச ஐட்டம். ஆனா அதே டிராகன் வளர்ந்து 20 கிலோவ தாண்டிட்டா வண்ட திரும்பி கூட பாக்காது, மான் காட்டுப்பன்னி எருமைனு போய்டும். ஏன்னு கணக்கு போட்டு பாருங்க, 70 கிலோ டிராகன் ஒரு வேளைக்கு 50 கிலோ தின்னுதுனா அத அரிசி வண்டால ஈடுகட்ட ரெண்டரை கோடி வண்டு வேணும். ஒவ்வொண்ணா பொறுக்கினா பொறுக்குற சக்திக்கே சாப்பாடு பத்தாது. ஆக பெரிய டிராகனுக்கும் வண்டுக்கும் சண்டையே கெடையாது, ஒண்ணு இருக்கிறது இன்னொண்ணுக்கு தெரியக்கூட தெரியாது.

பிள்ளை பெத்துக்கிறதுலயும் சைஸ் வந்து நிக்கும். டிராகன் வருஷத்துல 20, 30 முட்டை, செப்டம்பர் வாக்குல வச்சா ஏப்ரல் வாக்குல பொரியும், குட்டி பெரிய மனுஷியாக எட்டு ஒன்பது வருஷம் ஆகும். வண்டு ஆயுசுல 300, 400 முட்டை வைக்கும், அதுவும் மாசத்துல ஒரு தலைமுறை. எல்லாம் பொழச்சா, பாதி பொண்ணுனு வச்சுக்கிட்டா, ஒரு ஜோடில இருந்து அடுத்த தலைமுறை 300, அதுக்கடுத்தது 45,000. எல்லாம் பொழைக்காதுதான், ஆனா மூட்டைல ரெண்டு வண்டு தெரிஞ்சப்பவே பாட்டிங்க ஏன் அலறுறாங்கனு இதுல புரியும். டிராகன் கிட்டயும் ஒரு வித்தை இருக்கு, 2006ல இங்கிலாந்துல செஸ்டர் மிருகக்காட்சி சாலைல ஃபுளோரானு ஒரு டிராகன் ஆம்பள துணையே இல்லாம முட்டை வச்சு, அது வளரவும் செஞ்சுது, லண்டன்லயும் அதே மாதிரி ஒண்ணு. அப்படி பொறக்குறது எல்லாமே ஆண் குட்டி, ஏன்னா துணை இல்லாத முட்டைல அம்மாவோட ஒரே குரோமோசோம்தான் ரெண்டாகும், டிராகன்ல ஒரே மாதிரி ரெண்டு குரோமோசோம் சேர்ந்தா ஆண், பொண்ணுக்குத்தான் வேற வேற ரெண்டு.

இத்தன இரும்புப்பல்லு விஷம் கவசம் எல்லாம் இருந்தும் கஷ்டத்துல இருக்கிறது டிராகன்தான். காட்டுல மொத்தமே மூவாயிரம் சுமார். 1980லயே கொமோடோ தேசிய பூங்கா வந்தாச்சு, 1991ல யுனெஸ்கோ பாரம்பரிய இடமும் ஆச்சு, இருந்தும் 2021ல ஐயூசிஎன்ங்கிற உலக இயற்கை பாதுகாப்பு அமைப்பு இத அழியும் அபாயத்துல இருக்கிற இனம்னு ஒரு படி மேல ஏத்திடுச்சு, கடல் மட்டம் ஏறுறதாலயும் வெப்பம் கூடுறதாலயும் அடுத்த 45 வருஷத்துல அது வாழத் தோதான இடத்துல குறைஞ்சது 30 சதவீதம் போய்டும்ங்கிறது அவங்க கணிப்பு. பெரிய உடம்புக்கு பெரிய இடம் வேணும், மான் வேணும், மானுக்கு புல்வெளி வேணும், தீவோ சுருங்குது. அரிசி வண்டுக்கு ஒரு அரிசி போதும்.